முதுகுப் பேட்டி

ரேணுகாவின் இடது கண்ணுக்கு எதிரே நின்று பேச யாருக்கும் பிடிப்பதில்லை. பால்காரர்கூட வலது பக்கமாக ஒதுங்கி நின்றுதான் பாக்கெட்டை நீட்டுவார். கண்ணில் அப்படியொன்றும் விகாரம் கிடையாது. கருவிழியைச் சுற்றி வெள்ளி நூல் மாதிரி ஒரு வளையம், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும். ஆனால் அந்தக் கண் பார்த்ததெல்லாம் அந்த நொடியே கோயம்புத்தூரில் உள்ள அரசுச் சான்றகத்துக்குப் படமாகப் போய் முத்திரை விழுந்துவிடும் என்பது திருப்பூருக்கே தெரியும். முத்திரை விழுந்ததை அழிக்க முடியாது, திருத்தவும் முடியாது. மந்திரியே வந்து கெஞ்சினாலும் முடியாது என்று ஆரம்பத்தில் பெருமையாகச் சொன்னார்கள்.

அந்தக் கண்ணை யாரும் அவளைக் கட்டாயப்படுத்தி வைக்கவில்லை. வரிசையில் நின்று வாங்கிக்கொண்டாள்.

அப்போதைய நிலைமை அப்படி. எந்த வீடியோவையும் எவனும் செய்யலாம், தொண்டையில் ஒரு வில்லையை ஒட்டிக்கொண்டு யார் குரலிலும் எவனும் நேரிலேகூடப் பேசலாம் என்று ஆகிப்போயிருந்தது. உடையாத அணை உடைந்ததாக ஒரு வீடியோ வந்து, பதறியடித்து ஓடிய ஜனங்கள் பாலத்தில் நசுங்கிச் செத்தார்கள். இன்னொரு பக்கம், நிஜமாகவே லஞ்சம் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் அது மிஷின் செய்த படம் என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். எது நடந்தது, எது சமைத்தது என்று தெரியாமல் ஜனங்கள் பேப்பர் படிப்பதையே விட்டுவிட்டார்கள்.

ரேணுகா 'கொங்குச் சுடர்' நாளிதழின் செய்தியாளர். வாராவாரம் அதில் தொழில்நுட்பப் பத்தியும் எழுதி வந்தாள். சான்றுக்கண் சட்டம் வந்தபோது அதை முதலில் வரவேற்று எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. உரிமம் வாங்கிய செய்தியாளரின் கண் பார்த்தால்தான் செய்தி, மற்றதெல்லாம் வதந்தி, வதந்தியை அச்சிட்டால் ஜெயில். குரலை யாரும் நம்பாத காலம் என்பதால் அந்தக் கண்ணோடு காது எதையும் சேர்க்கவில்லை, படம் மட்டும்தான். சான்றகக் கிடங்கில் சேர்ந்த படத்தை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் திறக்கக் கூடாது. இதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டு எழுதினாள். வாசகர்கள் கைதட்டினார்கள்.

கைதட்டாத ஒரே ஆள் வீட்டிலேயே இருந்தாள். மகள் நிறைமதி. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கம்மா, அந்தக் கெடங்கோட சாவி யாருகிட்ட இருக்கும்?"

"கோர்ட்டுகிட்ட."

"கோர்ட்டு சொன்னாத்தான் தெறக்கோணும்னு சட்டத்துல எழுதியிருக்குது, செரி. பூட்டும் சாவியும் கவர்மெண்டு ரூம்புலதான இருக்குது? நீங்க ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு எழுதிப்போட்டீங்க."

"உனக்கு எதுலதான் சந்தேகமில்ல? போயி பரீட்சைக்குப் படி."

தகப்பன் இல்லாத பிள்ளை, வாய் கொஞ்சம் அதிகம் என்று ரேணுகா நினைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட.

சட்டத்தில் திருத்தம் வந்தது. அவசர காலத்தில் மட்டும் போலீஸ் அந்தக் கிடங்கில் முகங்களைத் தேடிக்கொள்ளலாம் என்று ஒரே ஒரு வரி. அவசரம் எப்போது முடியும் என்பதை எழுத மறந்துவிட்டார்கள். மறக்கவில்லை என்று பிற்பாடு புரிந்தது. சாயப்பட்டறை வாசலில் நின்று சம்பளப் பாக்கியைப் பற்றிச் செய்தியாளரிடம் பேசிய பெண்களுக்கு அடுத்த வாரம் எந்தப் பட்டறையிலும் வேலை கிடைக்கவில்லை. ஒருவர்கூட ஏன் என்று காரணம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு செய்தியாளர்களைக் கண்டால் ஜனங்கள் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார்கள். சுடரிலேயே தங்கராசு என்று ஒருவர், நல்ல மனுஷர், கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு பேட்டி எடுத்தார். நடுவில் துணி நழுவியது. ஒரு கணம்தான். பேசிக்கொண்டிருந்த மூன்று பேரும் உள்ளே போனார்கள். தங்கராசு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு மச்சானின் பனியன் கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். இப்போதும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

துணியை நம்ப முடியாது என்று ஆனபிறகு வந்த வழக்கம்தான் முதுகுப் பேட்டி. வழி கண்டுபிடித்தது ரேணுகா. செய்தியாளர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். பேச வருகிறவர் பின்னால் வந்து உட்காருவார். திரும்பக் கூடாது, பெயர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. பேசி முடித்தவர் போன பிறகு, அவர் சொன்ன இடத்துக்குச் செய்தியாளர் போய், கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். சாயத் தண்ணீரை ஆற்றில் விடும் குழாய், பூட்டிய விடுதிக் கதவு, இப்படி ஏதாவது. அது செய்தியாகும். சொன்னவர் யாரென்று கண்ணுக்குத் தெரியாது.

தாராபுரம் ரோட்டில் மாரப்பன் வைத்திருந்த பேக்கரியின் பின்னறைதான் அதற்கு இடம். மைதா மூட்டைகளுக்கு நடுவே சுவரைப் பார்த்து ஒரு நாற்காலி. சந்துப் பக்கம் ஒரு கதவு. முன்னால் டீ குடிக்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து ரேணுகாவுக்கு ஊரே குரலாகிவிட்டது. பயந்த குரல் எது, பொய்க் குரல் எது, பாதி சொல்லிப் பாதியை விழுங்குகிற குரல் எது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவேன் என்பாள். இத்தனை பேட்டியில் ஒரு தடவைகூட அவள் திரும்பியதில்லை. அந்த விஷயத்தில் அவளுக்கு ஜம்பம் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லாமல் விடமாட்டாள்.

நிறைமதி பொறியியல் முடித்துவிட்டுச் சான்றகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். "சாவி யாருகிட்ட இருக்குதுன்னு நீயே நேர்ல போயிப் பாத்துட்டு வா" என்று ரேணுகா கேலி செய்து அனுப்பினாள்.

போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். இரண்டே வருஷம். ஒரு நாள் மத்தியானம் வேலை நேரத்தில் வீட்டுக்கு வந்து, அம்மாவின் வலது பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். பெற்ற மகளும் பால்காரர் நிற்கும் பக்கம் உட்கார்ந்தது ரேணுகாவுக்குச் சுருக்கென்றது.

"அவசரம் கிவசரம் ஒண்ணுமில்லீங்கம்மா. தெனமும் ஓடுது. நீங்க பாக்கற அத்தன மொகமும். கல்யாண வீட்ல பாத்தது, கோயில்ல பாத்தது, பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தது. யாரு யாரோட பேசறாங்க, யாரு எந்தக் கூட்டத்துல நின்னாங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு சங்கிலி கட்டி வெச்சிருக்கறாங்க. நம்மூட்டுக்கு வந்துட்டுப் போனவங்க அத்தன பேரும் அதுல இருக்கறாங்க. உங்க கண்ணு வழியாப் போனவங்க."

"கோர்ட்டு உத்தரவு?"

"அந்தப் பேச்சே அங்க கெடையாதுங்க."

ரேணுகா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு, "இதை நான் எழுதறேன்" என்றாள்.

"எப்படி எழுதுவீங்க? உங்க கண்ணு பாக்கோணுமே. கண்ணு உள்ள வரவே அவங்க வுடமாட்டாங்களே."

அவள் சொன்னது சரி. கடைசியில் நிறைமதியே தன் பெயரைப் போட்டு எல்லாவற்றையும் இணையத்தில் எழுதினாள். முத்திரை இல்லாததால் அது வதந்தி ஆனது. வதந்தி பரப்பியதற்கும் அரசு ரகசியத்தை வெளியிட்டதற்கும் சேர்த்துப் பிடியாணை வந்தது. பிடிபட்டால் பத்து வருஷத்துக்குக் குறையாது என்று வக்கீல் சொன்னார்.

ரேணுகாவுடன் கல்லூரியில் படித்த ஜெசிந்தா குன்னூரில் தனியாக இருந்தாள். பல வருஷமாகக் கடிதம் இல்லை, போன் இல்லை, எந்தச் சங்கிலியிலும் அவள் இருக்க வாய்ப்பில்லை. அங்கே போய் இரு என்று ரேணுகா மகளிடம் சொன்னாள். அந்த இடம் அவர்கள் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். கிளம்புகிற அன்று மகள் என்ன உடுத்தியிருக்கிறாள், எந்தப் பையை எடுத்துக்கொள்கிறாள் என்று தன் கண் பார்த்துவிடக் கூடாதென்று ரேணுகா அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டாள். பின்னால் வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு முதுகில் முகத்தை வைத்துவிட்டு மகள் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டபிறகும் அவள் திரும்பவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

மாதங்கள் ஓடின. எந்தத் தகவலும் வரக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. தகவல் வராத ஒவ்வொரு நாளும் நல்ல நாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரேணுகா வேலைக்குப் போய்வந்தாள். சோறு இறங்கவில்லை. பேருந்தில் மகள் வயசுப் பெண் யாராவது ஏறினால் சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். யாருடைய பிள்ளையையும் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அலுவலகத்து மேஜைப் போன் அடித்தது.

"அம்மா."

ரேணுகா குரலைத் தாழ்த்தினாள். "போன்லயா பேசறது? உனக்குப் பைத்தியமா?"

"வேற வழியில்லீங்கம்மா. நாலு மணிக்குப் பேக்கரிக்கு வர்றேன்."

வைத்துவிட்டாள். திட்ட வேண்டும் என்று வாயில் வந்த வார்த்தையெல்லாம் அப்படியே நின்றது. கோபம், பயம் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு சந்தோஷம் முன்னால் வந்துவிட்டது. ஆசிரியர் ஞானசிகாமணியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, நாலு மணிக்கு வெகு முன்பே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

சந்துக் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் மெல்ல வந்து பின்னால் நின்றது.

"திரும்பிராதீங்கம்மா."

"திரும்ப மாட்டேன் சாமி. உக்காரு. சாப்ட்டியா?"

"ம், சாப்ட்டனுங்க."

"என்ன சாப்ட்டே?"

பதில் வருவதற்குள் இருமல் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி வருகிற வறட்டு இருமல். ரேணுகா நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரிலேயே கண்ணை வைத்தாள்.

"என்ன கண்ணு, இப்படி இருமற?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. சளிதான்."

"ஒண்ணுமில்லையா? நெஞ்சுல கட்டியிருக்கறது எனக்கு இங்கயே கேக்குது. குன்னூர்க் குளிரு உனக்கு ஒத்துக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும். அந்த மேட்டு வீடு செவுரெல்லாம் ஓதம். மார்க்கெட்டுக்குக் கீழ எறங்கி ஒரு ரூம்பு பாருன்னு அந்தக் காலத்துலயே சொன்னேன், ஜெசிந்தா கேக்கல. ராத்திரிக்குக் கம்பளியாச்சும் ரெண்டு குடுக்கறாளா?"

பின்னால் சத்தமில்லை. தெருவில் ஒரு வண்டி போய்த் தேய்ந்த பிறகுதான் பதில் வந்தது.

"குடுக்கறாங்க. நல்லாத்தான் பாத்துக்கறாங்கம்மா."

ஊர் சொல்லக் கூடாது என்று தான் போட்ட விதியைத் தானே உடைத்துவிட்டது ரேணுகாவுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு வந்தது. விதியெல்லாம் வேற்று மனுஷருக்கு, பெற்ற பிள்ளைக்கென்ன விதி என்று சமாதானம் செய்துகொண்டாள்.

"எதுக்குச் சாமி வந்தே?"

"உங்களப் பாக்கோணும்னு இருந்துச்சுங்க. அவ்வளவுதான். கெளம்பறேன்."

"அதுக்குள்ளயா? கையையாச்சும் குடு. கண்ண மூடிக்கறேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு தோளுக்கு மேல் கையை நீட்டினாள். கொஞ்சம் தயங்கிவிட்டு ஒரு கை வந்து அவள் கைக்குள் நுழைந்தது. சில்லென்று இருந்தது. உள்ளங்கை காய்த்திருந்தது. பிள்ளை அங்கே விறகு வெட்டுகிறாளோ, தண்ணீர் சுமக்கிறாளோ என்று ரேணுகா நினைத்தாள். அந்தக் கையைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். கை மெல்ல விடுவித்துக்கொண்டு போனது. கதவு சாத்திய பிறகு கண்ணைத் திறந்தாள். அன்றைக்கும் அவள் திரும்பவில்லை.

பிறகு முன்பக்கம் வந்து மாரப்பனிடம் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிச் சாப்பிட்டாள். பல மாதம் கழித்து அன்றுதான் அவளுக்குப் பசித்தது.

மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழையும்போதே ஞானசிகாமணி எழுந்து நின்றார். முத்திரையிட்ட செய்தி வந்திருந்தது. குன்னூரில் விடியற்காலையில் நிறைமதி கைது, அடைக்கலம் கொடுத்த ஜெசிந்தாவும் கைது. ஊட்டிச் செய்தியாளர் ஒருவரின் கண் பார்த்த படம். கம்பளியால் தலைமுதல் கால்வரை போர்த்தி ஜீப்பில் தூக்கி ஏற்றுகிறார்கள், முகம் தெரியவில்லை.

பேக்கரியிலிருந்து பின்தொடர்ந்து போயிருக்கிறார்கள் என்று ரேணுகா நினைத்தாள். மகள் வராமல் இருந்திருந்தால், தானாவது போகாமல் இருந்திருந்தால் என்று மனம் திரும்பத் திரும்ப அங்கேயே போய் முட்டியது. ஆனாலும் மேஜையில் உட்கார்ந்து அந்தச் செய்தியை ஒரு தடவை முழுதாகப் படித்தாள்.

"சார், இதுல தேசத்துரோகின்னு போட்டிருக்குதுங்க. குற்றம் சாட்டப்பட்டவர்னு மாத்திருங்க. இன்னும் கேஸே நடக்கல. எந்த மனுஷனுக்கும் நாம அப்படி எழுதுனதில்லையே?"

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தலைப்போட சேத்துத்தான் முத்திரை விழுந்திருக்குது ரேணுகா. ஒரு வார்த்தை மாத்துனாலும் முத்திரை போயிரும். அப்பறம் நாம போடறது வதந்தி."

"போடாமயே வுட்டுருங்களேன்."

"வர்ற முத்திரைச் செய்தியப் போடாம வுட்டா உரிமம் போயிரும். நாப்பது குடும்பம் இருக்குதும்மா இங்க." அவர் அவள் இடது கண்ணைத் தவிர்த்துவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீங்க வீட்டுக்குப் போங்க."

போகவில்லை. செய்தி பக்கத்தில் ஏறி அச்சுக்குப் போகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மகள் பெயரில் எழுத்துப்பிழை இருந்தது, அதை மட்டும் திருத்த முடியுமா என்று கேட்டாள். அதுவும் முடியாதென்று ஆனது.

ஜெயிலில் பார்க்க அனுமதி கிடைக்கச் சில வாரங்கள் ஆயின. செய்தியாளர் என்பதால் கண்ணை மூடியபடி வர வேண்டுமோ என்று வாசலில் நின்ற காவலரிடம் கேட்டாள். "நல்லாப் பாருங்கம்மா, இங்க மறைக்க என்ன இருக்குது?" என்று சிரித்தார் அவர். உண்மைதான். இனி அவள் பார்ப்பதால் கெடுவதற்கு எதுவுமே பாக்கியில்லை. மகளை ஆசைதீரப் பார்க்கலாம். அந்த நினைப்பே அவளுக்கு அழுகையாக வந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. வார்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு கக்கத்தில் கட்டையை ஊன்றி, நிறைமதி தத்தித் தத்தி வந்தாள். வலது கால் முழங்கால்வரை மாவுக்கட்டு. கட்டு பழுப்பேறி, ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது. முகம் மட்டும் அதே முகம். கொஞ்சம் வெளுத்திருந்தது.

"அம்மா, நேராப் பாக்கறீங்க!" என்று சிரித்தாள்.

"கால்ல என்ன சாமி? அடிச்சாங்களா?"

"இல்லீங்கம்மா. அங்க ஜெசிந்தா ஆன்ட்டி ஊட்டுப் படியில வழுக்கி உழுந்துட்டேன். எலும்பு முறிஞ்சுபோச்சு. புடிக்க வந்தப்பவே ஒரு மாசமாக் கட்டில்லதான் கெடந்தேன். பாத்ரூமுக்குப் போறதுன்னாக்கூட ஆன்ட்டிதான் தூக்கோணும்."

ரேணுகா அந்த மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் புதங்கெழமை திருப்பூருக்கு எப்படி வந்தே?"

"நான் எங்கம்மா வந்தேன்?"

ரேணுகா தன் வலது உள்ளங்கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள். யாரோ ஒருத்தி, மகளின் குரலை மாட்டிக்கொண்டு வந்தவள். அவளும் எங்கோ ஒரு வீட்டுப் பெண்ணாகத்தான் இருப்பாள். அந்தக் கையைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு ரேணுகா அழுதிருக்கிறாள். இரண்டு கண் இருந்தும், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

"எனக்குப் புரியவே மாட்டேங்குதுங்கம்மா" என்றாள் நிறைமதி, தடுப்பின் பக்கம் குனிந்து. "நான் வாசப்படி தாண்டல. ஒரு போன் பண்ணல. ஜெசிந்தா ஆன்ட்டி கொன்னாலும் சொல்லமாட்டாங்க. எடம் தெரிஞ்சது நம்ம மூணு பேருக்குத்தான். பொழுதன்னிக்கும் உள்ள உக்காந்து இதையேதான் யோசிக்கறேன். யாரும்மா சொல்லியிருப்பாங்க?"

தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். பிள்ளை நம்பிவிடுவாள். ரேணுகா நிமிர்ந்து, இரண்டு கண்ணாலும் மகளை நேராகப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேன்."

"நீங்களா? யாருகிட்டம்மா சொன்னீங்க?"

"உங்கிட்டத்தான் சாமி."